கக்கூஸில் பூட்டி வைத்த கிட்னி

"மனிதனுக்கு இரண்டு சிறுநீரகங்கள். அவரை விதை வடிவம். முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் இருக்கும். வலது பக்கம் கொஞ்சம் இறங்கி இருக்கும், மேலே கல்லீரல் இடத்தைப் பிடித்துக்கொள்வதால்."

இசக்கி ஒப்பித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று அந்த இரண்டு சிறுநீரகங்களையும் கையில் பிடித்திருந்தேன். பிளாஸ்டரில் செய்தது. மாடலைத் தாங்குகிற கம்பி என்றோ உடைந்துவிட்டதால் என் கைதான் கம்பி.

பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சிக்கு ஒத்திகை. கொரோனாவுக்குப் பிறகு நடந்த முதல் கண்காட்சி. மீனாட்சி டீச்சர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, சனிக்கிழமை பார்க்க வரப்போகும் பெரிய மனிதர்களைப் போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள்.

எனக்குக் கை வலித்தது. வாய் சும்மா இருக்குமா?

"ஏட்டி இசக்கி, கிட்னி நல்லா இருக்கணும்னா ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிக்கணும்?"

"ரெண்டர லிட்டர்க்கா."

"நீ எவ்ளோ குடிக்க?"

அவள் யோசிக்கவே இல்லை. "ரெண்டு கிளாஸ்."

எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது நான்தான். மீனாட்சி டீச்சருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"வர்றவங்க கேட்டா இப்படியா சொல்லுவே? நீ எவ்வளவு குடிக்கிறேன்னு கேட்டாலும் ரெண்டரை லிட்டர்னுதான் சொல்லணும்."

"அது பொய்லா டீச்சர்."

"பொய் இல்ல. ஆன்சர்."

இசக்கி தலையாட்டினாள். நல்ல பிள்ளை. ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்வாள். அந்தக் குணம்தான் மூன்றாம் நாள் அவளுக்கு எமனாக வந்து நின்றது.

மூத்திரம் என்றுதான் எழுதுவேன்

இந்தத் தொடரை எழுதச் சொன்ன ஆசிரியர் தம்பி, இந்த வாரம் எதைப் பற்றி எழுதப்போகிறேன் என்று போனில் கேட்டார். சொன்னேன். "அக்கா, சிறுநீர்னு போட்டுக்கலாமா?" என்றார்.

சிறுநீர் வருகிறது என்று சொல்லிக்கொண்டு தாராவியில் யாரும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடி நான் பார்த்ததில்லை. பரீட்சைத் தாளில் வருவது சிறுநீர். அடிவயிற்றில் முட்டுவது மூத்திரம். இந்தக் கதை அடிவயிற்றுக் கதை.

டோம்பிவிலியிலிருந்து ஒரு வாசகர் போன வாரம் கடிதம் போட்டிருந்தார். என் எழுத்தில் நாகரிகம் போதவில்லையாம். ஐயா, ஒன்றரை மணி நேரம் லோக்கல் ரயிலில் நிற்கிற உங்கள் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள், எத்தனை மணிக்குத் தண்ணீர் குடிப்பதை நிறுத்துகிறார்கள் என்று. கேட்டுவிட்டு அடுத்த கடிதத்தைப் போடுங்கள்.

மாப்பிள்ளை

என்னைத் தெரியாதவர்களுக்கு: மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் லேப் அட்டெண்டராக இருந்தேன். நான் படித்தது ஏழாம் வகுப்பு. ஆனால் உடம்பைப் பற்றி என்னைக் கேளுங்கள். பாடம் நடக்கும்போது மாடலைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. வருடா வருடம் அதே பாடம். டீச்சர்கள் மாறினார்கள், பிள்ளைகள் மாறினார்கள், இதயத்துக்கு நாலு அறை என்பது மாறவில்லை. எருமைக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.

எங்கள் இதயத்துக்கு மூடி உண்டு. திறந்தால் உள்ளே வால்வு தெரியும். பையன்கள் அதில் புளியங்கொட்டை போட்டு வைப்பார்கள். நுரையீரலில் ஒன்றுக்குச் சாயம் போய்விட்டது, பீடி குடிப்பவன் நுரையீரல் என்று அதைக் காட்டிவிடுவோம். செரிமான மண்டலத்தில் குடல்வாலைக் காணவில்லை. மனிதனுக்குப் பெரிதாகப் பயன்படாத உறுப்பு என்று புத்தகத்திலேயே போட்டால், ஒருத்தன் திருடத்தானே செய்வான்.

எல்லோருக்கும் பிடித்தது எலும்புக்கூடு. பிளாஸ்டிக்தான், ஆனால் ஆள் உயரம். பிள்ளைகள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்நேரமும் இளித்துக்கொண்டு, ஒரு வேலையும் செய்யாமல் நிற்பதால். எனக்கு வாய்த்த மாப்பிள்ளையை அவர்கள் பார்த்ததில்லை, ஆனாலும் சரியாகத்தான் வைத்தார்கள்.

கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது லேப் கூரை ஒழுகியது. அந்த மழையில் மாப்பிள்ளையின் விலா எலும்பில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பெரிய மேடம், அதாவது ஹெட்மிஸ்ட்ரஸ், போனில் சொன்னார்: "எங்கயாவது காஞ்ச இடமா பாத்து வை பேச்சியம்மா. தற்காலிகமா."

காய்ந்த இடம் ஒன்றுதான் இருந்தது. இரண்டாம் மாடி, பெண் பிள்ளைகளின் கக்கூஸ். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை இல்லாதபோது அங்கே சொட்டு ஈரம் ஏது? அத்தனை உறுப்புகளையும் நான்தான் சுமந்துகொண்டு போய் வைத்தேன். பூட்டு வாங்கியதும் நான்தான். ஒரு எலும்பு குறைந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள்.

பள்ளிக்கூடம் திறந்தது. கூரையை அடைத்தார்கள். ஆனால் மாடல் அலமாரி இருந்த இடத்தில் யாரோ தானம் கொடுத்த கம்ப்யூட்டர்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. மாப்பிள்ளை கக்கூஸிலேயே தங்கிவிட்டார். பாடத்துக்கு மட்டும் வெளியே வருவார், முடிந்ததும் உள்ளே போவார். அவர் பக்கத்தில், தண்ணீர் வராத சிங்க் மேல், இரண்டு பிளாஸ்டர் சிறுநீரகங்கள்.

இதில் தப்பு ஏதும் இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவில்லை. டீச்சர்களுக்கும் தோன்றவில்லை. டீச்சர்களுக்குத் தனிக் கக்கூஸ்.

நாலு மணிச் சட்டம்

தாராவியில் நான் வாக்கப்பட்டு வந்த முதல் வாரம், பக்கத்து வீட்டுக்காரி சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்காதே. தாகம் எடுத்தால் வாயை நனைத்துக்கொள்.

வீட்டில் கக்கூஸ் கிடையாது. சந்து முனையில் பொதுக் கக்கூஸ். காலையில் டப்பாவோடு வரிசை. இருட்டிய பிறகு பல்பு இருக்காது, பல்பு இருந்தால் தாழ்ப்பாள் இருக்காது, இரண்டும் இருந்தால் வாசலில் நாலு தடியன்கள் கேரம் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஆண்களுக்கு என்ன, ஊரில் இருக்கிற சுவரெல்லாம் அவன் அப்பன் வீட்டுச் சுவர்.

அதனால் எங்கள் தெருவில் பெண்கள் எல்லோருமே ஒட்டகம். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தியதில்லை. ரசத்தில் உப்பு போடுவது மாதிரி, பழக்கம். எனக்கு இரண்டு முறை சிறுநீரகத்தில் கல் வந்தது. முதல் கல்லின்போது தரையில் கிடந்து புரண்டேன். இரண்டாவது கல்லின்போதும் புரண்டேன். நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கூட்டிக் குடிக்கவில்லை. வேலைக்குப் போய், நெஃப்ரான் எப்படி வடிகட்டுகிறது என்கிற படத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்படிப்பட்ட அறிவாளியின் இடுப்பில்தான் அந்தக் கக்கூஸ் சாவி தொங்கியது.

போட்டீ கீழ

ஒத்திகை முடிந்த மூன்றாம் நாள் காலை. நான் லேப்பில் பீக்கர் கழுவிக்கொண்டிருந்தேன். இசக்கி வாசலில் வந்து நின்றாள். ஒரு கால் மேல் ஒரு கால் பின்னி, கதவைப் பிடித்துக்கொண்டு.

"எக்கா, சாவி தாங்களேன். அவசரம்."

"அங்க மாப்பிள்ள நிக்கான். கண்காட்சிக்குத் தொடச்சு வச்சிருக்கேன். போட்டீ கீழ."

கீழே என்றால் தரைத்தளத்தில் சின்னப் பிள்ளைகளின் கக்கூஸ். ஒன்றாவது இரண்டாவது படிக்கிறவர்களுக்காகக் கட்டியது. கதவு இடுப்பு உயரம். எதிரே ஸ்டூல் போட்டு வாட்ச்மேன். இரண்டாம் மாடியில் இருக்கிற இன்னொரு கக்கூஸில் குழாய் உடைந்து, நாற்றம் படி வரைக்கும் வரும்.

பத்தாம் வகுப்புப் பெண் எங்கே போவாள்? எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"நடுங்குதுக்கா," என்றாள்.

"காலங்காத்தால ஃபேனுக்கடியில உக்காந்தா நடுங்கத்தான் செய்யும்."

அவள் கீழே போகவில்லை. வகுப்புக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். ஒரு பீரியட் கழித்து ஒரு பெண் ஓடிவந்து, இசக்கி பெஞ்சிலிருந்து சரிந்துவிட்டாள் என்றாள். போய்த் தூக்கினேன். தோசைக்கல்லைத் தொட்டது மாதிரி இருந்தது. முதுகில் வலது பக்கம் என் கை பட்டதும் அலறினாள்.

நான் கையை எடுத்தேன். அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வருடக்கணக்காகத் தூக்கிச் சுமந்திருக்கிறேன்.

இரண்டரை லிட்டர்

மீனாட்சி டீச்சரும் நானும் டாக்ஸி பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் சின்ன வயதுப் பெண். மராத்திக்காரி. கண்ணுக்குக் கீழே கறுப்பு. அவளும் தூங்கி ரொம்ப நேரம் ஆகியிருக்கும்.

எத்தனை நாளாய்க் காய்ச்சல், எரிகிறதா, வாந்தி உண்டா என்று ஹிந்தியில் கேட்டாள். இசக்கி பதில் சொன்னாள். பல் கிடுகிடு என்று அடித்தது.

"பானி கித்னா பீதி ஹோ?" எவ்வளவு தண்ணீர் குடிப்பாய் என்கிறாள்.

இசக்கி மீனாட்சி டீச்சரைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு, கண்காட்சி மேஜைக்குப் பின்னால் நிற்கிற மாதிரி, தெளிவாகச் சொன்னாள். "டாயி லிட்டர்."

இரண்டரை லிட்டர்.

டாக்டர் அதை எழுதினாள். மீனாட்சி டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். நூற்று மூன்று டிகிரிக் காய்ச்சலில் கிடக்கிற பிள்ளை, பாடத்தில் தப்பு வரக்கூடாது என்று பார்க்கிறது. எனக்கு யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது. அறைய வேண்டிய கன்னம் என்னுடையது.

"ஜூட் ஹை டாக்டர்," என்றேன். "பொய். ரெண்டு கிளாஸ்."

டாக்டர் நிமிர்ந்தாள். ஏன் என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். வீட்டில் கக்கூஸ் இல்லை. பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, பூட்டியிருக்கிறது. சாவி யாரிடம் என்று அவள் கேட்கவில்லை. நானே இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு சொல்லியிருப்பேன். எழுதியதை அடித்துவிட்டு, அந்தத் தாளின் பின்பக்கம் பேனாவால் படம் வரைந்தாள். மேலே இரண்டு அவரை விதை. அங்கிருந்து இரண்டு குழாய். கீழே ஒரு பை. பைக்குக் கீழே சின்னதாக ஒரு குழாய்.

பெண்களுக்கு இந்தக் கடைசிக் குழாய் ரொம்பக் குட்டை என்றாள். வெளியே இருக்கிற கிருமி சுலபமாக உள்ளே ஏறிவிடும். மூத்திரம்தான் துடைப்பம். போகிறபோதெல்லாம் கிருமியைக் கழுவிக்கொண்டு போகும். நீங்கள் தண்ணீரையும் குறைத்து, வருவதையும் அடக்கி வைத்தால், அது பைக்குள் குடும்பம் நடத்தி, குழாய் வழியாக மேலே ஏறும். இவளுக்குக் கிட்னி வரை ஏறிவிட்டது. ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. இரண்டு நாள் பார்க்க வேண்டும்.

துடைப்பம் என்று எந்த டீச்சரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். துடைப்பம் எனக்கு நன்றாகத் தெரியும்.

இசக்கியின் அம்மா செல்லத்தாய் செம்பூரிலிருந்து வந்து சேர்ந்தாள். அங்கே ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. நீல யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. மகள் கையில் ஏறுகிற பாட்டிலைப் பார்த்தாள்.

"நாந்தாங்க்கா சொன்னேன், பள்ளிக்கொடத்துக்குப் போகுமுன்ன தண்ணி குடிக்காதேன்னு. நாங்கூட டியூட்டிக்குக் கெளம்பிட்டா ஒரு சொட்டு தொட மாட்டேன்."

"ஆபீஸ்ல கக்கூஸ் இல்லியா?"

"பதினோரு கக்கூஸ் இருக்கு. எல்லாம் நாந்தான் கழுவுதேன். நாங்க போவக் கூடாது. கீழ பார்க்கிங்குல டிரைவர்மாருக்கு ஒண்ணு இருக்கு, அங்கதான் போணும்."

இடுப்பில் சாவி குத்திக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை

இரண்டு நாளும் காய்ச்சல் ஏறி ஏறி இறங்கியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கொஞ்சம் கஞ்சி குடித்தாள். தப்பித்துவிட்டாள் என்று டாக்டர் சொன்னாள்.

சனிக்கிழமை வாட்ச்மேன் கேட்டைத் திறக்கும்போதே நான் போய் நின்றேன். இரண்டாம் மாடிப் பூட்டைத் திறந்தேன். இதயம், நுரையீரல், குடல்வால் இல்லாத குடல், கண், காது, மூளை, எல்லாவற்றையும் இரண்டு இரண்டாகச் சுமந்து கீழே பெரிய மேடம் அறையில் வைத்தேன். மூளையை ஃபைல்கள் மேல். கண்ணை போன் பக்கத்தில். கல்லீரலுக்கு இடம் இல்லை, காலண்டருக்குக் கீழே தரையில். மாப்பிள்ளையை வந்தவர் உட்காரும் நாற்காலியில் உட்கார வைத்து, கால்மேல் கால் போட்டுவிட்டேன்.

பிறகு மேலே போய்க் கக்கூஸைக் கழுவினேன். ஃபிளஷைச் சரிசெய்யப் பிளம்பரைக் கூப்பிட்டேன். பூட்டை ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டேன். அது ஏதோ ஒரு ரிக்‌ஷா மேல் விழுந்து, கீழே ஒருத்தன் என் அம்மாவைத் திட்டினான். திட்டட்டும்.

பெரிய மேடம் வந்தார். கதவிலேயே நின்றார்.

"பேச்சியம்மா, இதென்ன கோலம்?"

"மாப்பிள்ள வந்திருக்கார் மேடம்."

"வெளையாடாதே. இன்னும் ஒரு மணி நேரத்துல கெஸ்ட் வரா. எல்லாத்தையும் இருந்த எடத்துக்கே எடுத்துண்டு போ."

"இருந்த இடம் கக்கூஸ் மேடம். பிள்ளைங்க போய்க்கிட்டிருக்கு."

"இத்தனை நாள் அதை யாரு யூஸ் பண்ணா?"

"பூட்டியிருந்தா எப்படி யூஸ் பண்ணும்?"

"ஒரு பொண்ணு வந்து எங்கிட்ட கம்ப்ளெயின்ட் பண்ணலியே."

"எங்கிட்ட பண்ணுச்சு மேடம். நான் கீழ போடீன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போயிருச்சு."

மேடம் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை வழக்கம்போல இளித்தார். மேடம் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அன்று கண்காட்சிக்கு வந்தவர்களை அந்த அறைக்குக் கூட்டிப்போகாமல் லைப்ரரியில் உட்கார வைத்து டீ கொடுத்தார். திங்கட்கிழமை எனக்கு மெமோ கொடுத்தார். மாடல்களை அனுமதியின்றி இடம் மாற்றியதற்கு எழுத்து மூலம் விளக்கம் தரவேண்டும்.

எழுதிக் கொடுத்தேன். "பிள்ளைகளுக்கு மூத்திரம் வந்தது. அதனால் மாற்றினேன். இப்படிக்கு, பேச்சியம்மாள்."

அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. மாடல்களுக்கு லைப்ரரியில் ஒரு அலமாரி கிடைத்தது. மாப்பிள்ளைக்கு மட்டும் அதில் உயரம் பற்றவில்லை. அவர் மேடம் அறையிலேயே தங்கினார். மழைக்காலத்தில் மேடம் அவர் கையில் குடையை மாட்ட ஆரம்பித்தார்.

பரீட்சை வாசல்

பத்துப் பதினைந்து நாள் கழித்து இசக்கி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பழக்கதோஷத்தில் லேப் வாசலில் வந்து சாவி கேட்டாள். சாவியே கிடையாது என்றேன். ஒரு பாட்டில் தண்ணீரை என் முன்னால் குடிக்கச் சொன்னேன். மருந்து மாதிரி மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். கொஞ்ச நேரத்தில் ஃபிளஷில் தண்ணீர் இறங்குகிற சத்தம் காரிடார் முழுக்கக் கேட்டது.

மாதக் கடைசியில் மீனாட்சி டீச்சர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "பாடமே நடத்த முடியல பேச்சியம்மா. பத்து நிமிஷத்துக்கு ஒருத்தி கையத் தூக்கறா."

"இதுவும் பாடம்தான் டீச்சர்," என்றேன். முறைத்தார். ஆனால் யாரையும் உட்காரச் சொல்லவில்லை.

பொதுப்பரீட்சை வந்தது. அறிவியல் பரீட்சை அன்று சென்டர் வாசலில் நானும் செல்லத்தாயும் வெயிலில் நின்றோம். அவளுக்கு மதிய டியூட்டி. யூனிஃபார்மோடு வந்திருந்தாள். மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள்.

"உள்ள கக்கூஸ் எப்படிட்டி?" என்றேன் நான்.

"சுத்தமா இருக்குக்கா. நடுவுல ஒரு வாட்டி கேட்டுட்டுப் போனேன்."

"எழவு, கேள்வி எப்படி வந்துச்சுன்னு யாராவது கேக்கியளா?" என்றாள் செல்லத்தாய்.

"கிட்னி வந்துச்சும்மா. படம் வரையச் சொல்லிருந்தான். துடைப்பம்னு எழுதலாமான்னு பாத்தேன். எழுதல."

சொல்லிவிட்டு இசக்கி பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் குடித்தாள். பாதி குடித்து முடிப்பதற்குள் செல்லத்தாய் கையை நீட்டினாள். பிடுங்கி உள்ளே வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் வாங்கி, அண்ணாந்து, மிச்சம் இருந்ததை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

"டியூட்டிக்குல்லா போற?" என்றேன்.

முந்தானை இல்லாத யூனிஃபார்மின் கையால் வாயைத் துடைத்தாள்.

"பதினோரு கக்கூஸ் கழுவுதேன்க்கா. இன்னைக்கு அதுல ஒண்ணுக்குள்ள போயிட்டுத்தான் வருவேன்."